போர்டுல செஃப் பெயர்... அடுப்படியில யாரு?

ஒரு காட்சியைக் கற்பனை பண்ணிப் பாருங்க. வள்ளியூர்ல பிறந்து வளர்ந்த பொண்ணு, பெங்களூருல வேலை பார்க்கிறா. ஊர்ல இருந்து வந்த அம்மா, அப்பாவை ஒரு பிரபல செஃப்போட இத்தாலியன் ரெஸ்டாரன்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறா. வாசல்ல அவரோட படம், மெனு கார்டுல அவரோட கையெழுத்து. அப்பா மெனுவை ரெண்டு தடவை புரட்டிட்டு, "எம்மா, இந்தக் காசுக்கு ஒரு வாரத்துக்கு மளிகை வாங்கிரலாம்லா?" என்கிறார். அம்மா சுற்றிலும் பார்த்துட்டுக் கேட்கிறாங்க: "படத்துல இருக்காருல்லா, அவரா உள்ள சமைக்காரு?"

சிரிச்சுட்டுக் கடந்து போற கேள்வி இல்லை இது. அன்றைக்கு அந்த டேபிள்ல கேட்கப்பட்டதிலேயே சரியான கேள்வி இதுதான்.

பதில்: பெரும்பாலும் இல்லை. பல நாடுகள்ல கடை வைத்திருக்கும் ஒரு செஃப், ஒரே ராத்திரியில எல்லா அடுப்படியிலும் நிற்க முடியாது. நிறைய இடங்கள்ல அந்தக் கடை அவருக்குச் சொந்தமாகக்கூட இருக்காது. உள்ளூர் நிறுவனம் ஒன்று பணம் கட்டி அவர் பெயரையும் ரெசிபிகளையும் பயன்படுத்தும் உரிமையை வாங்கியிருக்கும். வாடகை, சம்பளம், காய்கறி, கேஸ் எல்லாம் அந்த நிறுவனத்தோட பொறுப்பு. இதுதான் பிரான்சைஸ்.

ஜேமி ஆலிவர் சொல்லித்தரும் பாடம்

இதுக்கு நல்ல உதாரணம் ஜேமி ஆலிவர். 1999-ல பிபிசி-யில வந்த 'தி நேக்கட் செஃப்' நிகழ்ச்சி மூலம் பிரபலமான பிரிட்டிஷ்காரர். இத்தாலியர் இல்லை. 2008-ல ஆக்ஸ்போர்டு நகரத்துல 'ஜேமீஸ் இட்டாலியன்' முதல் கடையைத் திறந்தார். சாதாரண மக்களும் போய் உட்காரக்கூடிய விலையில நல்ல இத்தாலிய சாப்பாடு என்பதுதான் ஐடியா. கடைகள் மளமளவென்று பெருகின. கடல் தாண்டியும் போயின. 2015-ல டெல்லி வசந்த் குஞ்ச் மாலுக்கும் வந்தது.

2019 மே மாதம் பிரிட்டனில் அந்த நிறுவனம் திவாலானது. மிச்சமிருந்த 25 உணவகங்களில் 22 மூடப்பட்டன. சுமார் 1,000 பேருக்கு வேலை போச்சு. வேகமாக விரிந்தது, ஏறிப்போன வாடகை, கூடிய செலவு, போட்டி என்று பல காரணங்கள். ஜேமி தன் சொந்தப் பணத்தைப் போட்டும் காப்பாற்ற முடியவில்லை.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. பிரிட்டனில் கடைகள் மூடியபோது வெளிநாட்டு பிரான்சைஸ் கடைகள் அதோடு சேர்ந்து விழவில்லை. அவை வேறு நிறுவனங்களின் கையில் இருந்தன. போர்டுல ஒரே பெயர்தான். ஆனா அடுப்பு வேற, முதலாளி வேற. அம்மா கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைக்காது.

"அதனால என்ன? டைரக்டரே தியேட்டர்ல வந்து படம் ஓட்டணுமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நல்ல பிரான்சைஸ்ல பெயரோட சேர்ந்து ரெசிபியும் பயிற்சியும் தரக் கட்டுப்பாடும் வரும். அதுக்குக் காசு கொடுக்கலாம், தப்பில்லை. ஆனா நீங்க வாங்குவது அதைத்தான், அவரோட கைப்பக்குவத்தை இல்லை என்பது தெரிஞ்சு கொடுக்கணும்.

பெயர் ஆளோடதா, ஊரோடதா?

இது நெல்லைக்காரங்களுக்குப் புதுசு இல்லை. 'திருநெல்வேலி அல்வா' என்று போர்டு போட்ட கடை தமிழ்நாடு முழுக்க இருக்கு. நம்மூர்க்காரங்க போர்டைப் பார்த்து மயங்குறதில்லை. பொட்டலத்தைப் பார்த்ததும் வரும் முதல் கேள்வி, "எந்தக் கடையில வாங்குன?" என்பதுதான்.

சில பெயர்களுக்குச் சட்டமே காவல் நிற்கிறது. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-ல புவிசார் குறியீடு கிடைத்தது. வேறெங்கோ செய்த மிட்டாயை அந்தப் பெயரில் விற்க முடியாது. இத்தாலியிலும் அப்படித்தான். 'பார்மிஜானோ ரெஜானோ' சீஸை பார்மா, ரெஜ்ஜோ எமிலியா, மொடேனா என்று வரையறுத்த சில பகுதிகளில் மட்டுமே செய்யலாம். குறைந்தது 12 மாதம் பதப்படுத்தணும். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு விதி இருக்கு, அதை மீறினால் கேட்க ஆள் இருக்கு.

செஃப் பெயருக்குப் பின்னால் இருப்பது இரண்டு நிறுவனங்களுக்கு இடையிலான ஒப்பந்தம். அதுல என்ன எழுதியிருக்கு என்று சாப்பிடப் போற நமக்குத் தெரியாது. அதனால நாமதான் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

ஒரு சின்ன எச்சரிக்கை: ஒரிஜினல் பார்மிஜானோ ரெஜானோ சைவம் இல்லை. பாலைத் திரிக்க, கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனெட்டைச் சேர்ப்பார்கள். சைவ ரெனெட்டில் செய்த வேற சீஸ்களும் உண்டு. வீட்டுல சைவம் சாப்பிடுறவங்க இருந்தா, "இதுல என்ன சீஸ் போடுறீங்க?" என்று ஆர்டர் கொடுக்கும் முன்னாலேயே கேளுங்க.

பில்லையும் படிங்க

பெயருக்குக் கொடுக்கும் காசு மெனு விலையிலேயே சேர்ந்திருக்கும். அதுக்கு மேல பில்லின் அடியில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று 10% வந்து நிற்கலாம். சாப்பாடு 4,000 ரூபாய் என்று வையுங்க. சர்வீஸ் சார்ஜ் 400. மொத்தம் 4,400-க்கு 5% ஜிஎஸ்டி போட்டா 220. ஆக 4,620 ரூபாய். சர்வீஸ் சார்ஜ் இல்லைன்னா 4,200-தான். (ஸ்டார் ஹோட்டலுக்குள் இருக்கும் ரெஸ்டாரன்ட்டுகளில் ஜிஎஸ்டி 18% ஆகவும் இருக்கலாம்.)

ஜிஎஸ்டி கட்டித்தான் ஆகணும், அது வரி. சர்வீஸ் சார்ஜ் வரி இல்லை. அதைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொல்லி மரியாதையாகக் கேளுங்க. மறுத்தா 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கு. பரிமாறிய தம்பிக்கு ஏதாவது கொடுக்கணும்னு தோணினா, அவர் கையிலேயே கொடுங்க.

தண்ணீரும் அப்படித்தான். "ஸ்டில்லா, ஸ்பார்க்லிங்கா?" என்று கேட்டா இரண்டுமே காசுக்கு வரும் பாட்டிலாகத்தான் பெரும்பாலும் இருக்கும். "சாதாரணத் தண்ணி கொடுங்க" என்று சொல்வதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

கூச்சம் எதுக்கு?

கேள்வி கேட்க விடாமல் நம்மைத் தடுப்பது அறியாமை இல்லை, கூச்சம். தெரியாதவன்னு நினைச்சிருவாங்களோ என்ற பயம். முதல் தலைமுறையாக இந்த மாதிரி இடங்களுக்குள் நுழையுறவங்களுக்கு அது கூடுதலா இருக்கும். மெனுவில் புரியாத வார்த்தை வந்தா விலையைப் பார்த்து எதையோ ஆர்டர் பண்ணிட்டு, பிடிக்கலைன்னாலும் நல்லா இருக்குன்னு சொல்லிட்டு வந்துருவோம். பெயரை மட்டும் நம்பி ஓடும் கடைக்கு இந்தக் கூச்சம்தான் லாபம்.

பாஸ்தா கொஞ்சம் கடிபடுற மாதிரி இருந்தா அது வேகாமப் போனதில்லை; அதை அப்படித்தான் வேகவைப்பாங்க. உங்களுக்குக் குழைவா வேணும்னா, குழைவா வேணும்னு கேளுங்க. ஆப்பத்தை எப்படிப் பிய்ச்சுச் சாப்பிடுவது என்று வெள்ளைக்காரர் ஒருத்தர் கேட்டா நாம கேலியா செய்வோம்? சந்தோஷமா சொல்லித் தருவோம்.

திண்டுக்கல் மாவட்டம் நத்தத்தைச் சேர்ந்த விஜய் குமார், நியூயார்க்கின் 'செம்ம' உணவகத்தில் நத்தைப் பிரட்டலைப் பரிமாறுகிறார். மிச்செலின் ஸ்டார் வாங்கிய கடை அது. 2025-ல அவருக்கு ஜேம்ஸ் பியர்டு விருதும் கிடைத்தது. அங்கே சாப்பிட வரும் அமெரிக்கருக்கும் பாதி மெனு புரியாது. அவர் கூச்சப்படாமல் கேட்டுத் தெரிஞ்சுக்கிறார். நமக்கு மட்டும் ஏன் அந்த உரிமை இல்லை?

அதனால தாராளமாப் போங்க. அம்மா, அப்பாவைக் கண்டிப்பாகக் கூட்டிட்டுப் போங்க. அவங்க பார்க்காத உலகத்தை நம்ம சம்பளத்துல காட்டுறது நல்ல விஷயம். உட்கார்ந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இங்க கிச்சனைப் பார்த்துக்கிற செஃப் யாருங்க?" நல்ல கடையா இருந்தா பெயரைச் சொல்வாங்க, கூட்டம் இல்லாத நேரமா இருந்தா அவரே வந்து பேசிட்டும் போவார். சாப்பாடு பிடிச்சிருந்தா பாராட்டு அவருக்குப் போகட்டும். அன்றைக்கு உங்களுக்காகச் சமைச்சது வாசல் படத்துல சிரிக்கிறவர் இல்லை, உள்ளே வியர்த்து நிற்கிற இவர்தான்.