மூலக அட்டவணையும் அதன் வெற்றிடங்களும்

இரசாயன வகுப்பறைச் சுவரிலே தொங்கும் மூலக அட்டவணையை மாணாக்கருட் பெரும்பாலார் நெட்டுருப் பண்ணுதற்குரிய ஒரு பட்டியல் என்றே கருதுகின்றனர். 118 கட்டங்கள், 7 கிடைவரிசைகள், 18 நெடுவரிசைகள்; பரீட்சை முடிந்ததும் யாவும் மறதிக்கு இரையாகும். கலைப்பிரிவு மாணாக்கரோ அதனை ஏறிட்டும் பாரார். இவ்விரு திறத்தாரும் இழப்பது மிகப் பெரிது. இதற்கு மாணாக்கரின் சோம்பலை மட்டும் குறைகூறல் தகாது. நிறைவுற்ற அட்டவணையையே முதல் நாளிற் காட்டிவிடும் போதனா முறையே பெரிதும் காரணமென்பது எம் கருத்து.

மூலகங்களுக்குள் உறவு உண்டென்பதை 1829 ஆம் ஆண்டிலேயே ஜெர்மானியராகிய டோபரைனர் எடுத்துக்காட்டினார். லிதியம், சோடியம், பொட்டாசியம் என்னும் மூன்றும் குணத்தால் ஒத்தவை; அவற்றின் அணுநிறைகள் முறையே ஏறக்குறைய 7, 23, 39. நடுநின்றது ஏனையிரண்டின் சராசரியாதல் காண்க. 1865 இல் ஆங்கிலேயராகிய நியூலண்ட்ஸ், நிறையேறும் முறையில் நிறுத்தினால் எட்டாவது தோறும் முதலதன் குணம் மீளுமென்று கூறிச் சங்கீத சுரங்களை உவமை காட்டினார். மறு ஆண்டில் இலண்டன் இரசாயன சங்கத்தில் அவர் இதனை எடுத்துரைத்தபோது, அகரவரிசையில் அடுக்கிப் பார்த்ததுண்டோ என ஒருவர் எள்ளினார். தமிழ் நெடுங்கணக்கை அறிந்தார் அவ்வாறு எள்ளியிரார். க, ச, ட, த, ப என வல்லெழுத்துக்கள் அடிநாத் தொடங்கி இதழ்வரை பிறப்பிடம்பற்றி முறையே வர, ஒவ்வொன்றன் பக்கத்தும் அதன் இனமாகிய மெல்லெழுத்து நிற்கின்றது. நின்ற இடங்கொண்டே எழுத்தின் இயல்பை உணரலாம். மூலக அட்டவணையின் பயனும் இத்தகையதே.

நியூலண்ட்ஸின் குறை வேறு. வெறுமையான இடம் ஒன்றும் இருத்தலாகாதென எண்ணினார் போலும். கோபால்ட், நிக்கல் இரண்டையும் ஒரே கட்டத்தில் நெருக்கிவைத்தார். 1869 இல் ருஷியராகிய மெண்டலீவ் செய்தது இதற்கு நேர்மாறு. அன்று அறியப்பட்டிருந்த மூலகங்கள் 63. குணம் ஒவ்வாத மூலகத்தை ஓரிடத்தில் திணிப்பதினும் அவ்விடத்தை வெறிதே விடுதல் நன்றென அவர் துணிந்தார். வடமொழி எண்ணுப்பெயரை முன்னே சேர்த்து ஏக-அலுமினியம், ஏக-போரான், ஏக-சிலிக்கன் என அவ்விடங்களுக்குப் பெயரும் இட்டு, வரவிருந்தவற்றின் நிறையையும் அடர்த்தியையும் முன்கூட்டியே எழுதினார். விசுவாசம் என்னுஞ் சொல் சமயத்தார்க்கே உரியதென்பார் இவ்விடத்தைச் சற்றே நின்று நோக்குவாராக.

1875 இல் பிரான்சு தேசத்து லெக்கோக் என்பார் காலியம் என்னும் உலோகத்தைக் கண்டார். அஃது ஏக-அலுமினியமே. அவர் அளந்த அடர்த்தி 4.7. அவ்வுலோகத்தைக் கண்ணாலும் காணாத மெண்டலீவ், அடர்த்தி 5.9 அளவில் இருத்தல் வேண்டும், தூய்மை செய்து மீண்டும் அளக்க என்று தெரிவித்தார். அவ்வாறு அளந்தபோது 5.9 என்றே கிடைத்தது! 1879 இல் ஸ்காண்டியமும், 1886 இல் ஜெர்மேனியமும் தத்தம் இடங்களில் வந்தமர்ந்தன.

அவர் வரிசையை மீறிய இடமும் உண்டு. நிறைப்படி அயோடின் முன்னும் டெலுரியம் பின்னும் வருதல் வேண்டும். அயோடினோ குளோரின் குடும்பத்தைச் சார்ந்தது. ஆகவே மெண்டலீவ் குணத்தையே தலைமையாகக் கொண்டு இவற்றை முன்பின்னாக மாற்றி, டெலுரியத்தின் நிறையை அளந்தோர் பிழைத்தனர் என்றார். அவர்கள் பிழைத்திலர். ஆயினும் மெண்டலீவ் வைத்த இடம் சரியே. 1913 இல் மோஸ்லி என்னும் இளைஞர் எக்ஸ் கதிர்களைக்கொண்டு ஆராய்ந்து, வரிசைக்கு அடிப்படை அணுக்கருவின் மின்னேற்ற எண்ணே என நாட்டினார். டெலுரியத்துக்கு 52, அயோடினுக்கு 53. மோஸ்லி 1915 இல் கலிப்பொலிப் போர்க்களத்தில் 27 வயதில் மாண்டார்.

ஆதலின் யாம் வேண்டுவது இது: முழு அட்டவணையைக் காட்டுமுன் மெண்டலீவின் பழைய அட்டவணையை வெற்றிடங்களோடு மாணாக்கர்முன் வைத்தல் வேண்டும். ஏக-சிலிக்கனின் இயல்பை அவர்களே கணித்துப் பார்க்கட்டும். பாடத்திட்டம் பெரிது, காலம் சிறிது என்பர். ஒரு மணி நேரம் போதும். நெட்டுருவுக்குச் செலவாகும் இரவுகள் அதனினும் பல.

2016 இல் நான்கு மூலகங்கள் பெயர்பெற, ஏழாம் வரிசையும் நிரம்பிற்று. அதனால் வழக்கு ஓய்ந்ததென்று எண்ணற்க. ஹைட்ரஜனைச் சோடியம் முதலியவற்றின் தலையில் வைப்பது பெருவழக்கு. ஆயின் அஃது அவைபோல் உலோகமன்று. ஆய்தத்தைத் தனிநிலை என்றாற்போல அதனைத் தனியே நிறுத்துவாரும் உளர். இட்ரியத்தின் கீழ் நிற்றற்குரியது லாந்தனமோ லுடீஷியமோ என்பதும் இன்றுவரை நூலுக்கு நூல் வேறுபடுகின்றது.