காற்று எந்த வழியாக வரும்?

பிரேக் பேட் மாற்றினால் ஏர் எடுத்தே தீரவேண்டும், ஆகையால் அது பட்டறையில் செய்யவேண்டிய வேலையேயன்றி வீட்டு வாசலில் செய்யத்தக்கதன்று என்னும் அபிப்பிராயம் கார் வைத்திருப்போரிடையே வேரூன்றியிருக்கிறது. ஒலக்கூரில் எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் முன்சக்கரப் பேட்களைப் பலமுறை மாற்றியவன் என்ற முறையில், அது பிழையென்று காரணத்தோடு சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பேட்டைக் கழற்றும்போது காற்று புகுந்துவிடும் என்பது முதல் வாதம். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து காலிபரின் பிஸ்டன் வரையில் பிரேக் ஆயில் நிற்பது மூடிய பாதை. பேட்டோ அந்தப் பிஸ்டனுக்கு வெளியே, ஆயிலின் ஸ்பரிசமே படாமல் இருக்கும் உலர்ந்த உறுப்பு. காலிபரின் போல்ட்டைக் கழற்றித் தூக்கி, தேய்ந்த பேட்டை உருவிப் புதியதைச் செருகும் வேலையில் ஹோஸையும் நிப்பிளையும் தொடாதிருக்கையில், காற்று எந்த வழியாக உள்ளே வரும்?

பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளுவதே காற்றை இழுக்கும் என்கிறார்கள். பழைய பேட்டை அதன்மேல் வைத்துச் சி-கிளாம்பை மெல்ல மெல்ல முடுக்கிக்கொண்டே பானெட்டுக்குள் பார்த்தால், பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் நூலிழை நூலிழையாக ஏறுவது கண்ணுக்குத் தெரியும். பேட் தேயத் தேய இறங்கிய ஆயில்தான் திரும்பி வருகிறது. உள்ளே அழுத்தம் மிகுமேயொழிய வெற்றிடம் உண்டாகாது. மட்டம் குறைந்ததென்று எண்ணி இடையில் நிரப்பியவர்களுக்கு டப்பா வழியும், வழிந்த ஆயில் பெயிண்டை அரித்துவிடும். ஆகவே முன்னதாகக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுவது உத்தமம்.

மூன்றாவது வாதத்துக்கு மட்டும் பிரத்தியட்ச சாட்சியம் இருப்பதாகத் தோன்றும்: வேலை முடிந்து முதல்முறை மிதிக்கும்போது பெடல் தரைவரை போய்விடுகிறது. அது பின்தள்ளிய பிஸ்டன் புதுப் பேட்டை எட்டும்வரையுள்ள இடைவெளி. நாலைந்து முறை நிதானமாக மிதித்தால் பெடல் கெட்டிப்பட்டு, கெட்டியாகவே நிற்கும். காற்றிருந்தால் பஞ்சுபோல் அமுங்கும். மிதித்து ஏற்றினாலும் சற்றுப் பொறுத்து மிதிக்க மறுபடி இறங்கும். அப்படிப்பட்ட வண்டியை ஏர் எடுக்காமல் ஓட்டலாகாது.

ஹோஸ் மாற்றினாலோ டப்பா வறண்டாலோ ஏர் எடுப்பது அவசியமே. ஈரத்தை ஈர்க்கும் பிரேக் ஆயிலை இரண்டாண்டுக்கொருமுறை மாற்றுவதும் நியாயமே. புதிதில் 230 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் டாட் 4 ஆயில், நீர் சேர்ந்தபின் 155 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். ஆனால் அது காலக்கணக்கில் வரும் வேலை; பேட் மாற்றும் நாளோடு அதற்குச் சம்பந்தமில்லை.

எனக்குப் பயமெல்லாம் காலிபரை ஹோஸிலேயே தொங்கவிடுகிறவர்களையும், ஸ்டாண்டு வைக்காமல் ஜாக்கியை மட்டும் நம்புகிறவர்களையும் பற்றியதுதான். காலிபரைக் கம்பியால் சஸ்பென்ஷன் சுருளில் கட்டிவைக்க ஒரு நிமிஷம் போதும். பெடல் கெட்டிப்பட்ட பிறகு, சென்னை நெடுஞ்சாலையில் ஏறுமுன், ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில் மெதுவாக ஓட்டி இரண்டு மூன்று தடவை நிறுத்திப் பார்த்துக்கொள்கிறேன்.