பண்டிகைக்கு ஊர் ஏது?

பண்டிகை நாளில் கணவனும் மனைவியும் வெளிநாட்டுக்குப் பயணம் போகலாமா? "நல்ல நாளில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போவதா?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள்.

தாராளமாகப் போகலாம். போகும் இடத்திலும் பண்டிகை உண்டு. இதற்குப் புதுச்சேரியே சாட்சி!

1789-ம் ஆண்டு ஜூலை 14-ந் தேதி பாரீஸ் மக்கள் பாஸ்டில் சிறையைப் பிடித்தார்கள். அது பிரான்சின் தேசியத் திருநாள். பிரெஞ்சு ஆட்சி 1954-ல் முடிந்த பிறகும், புதுச்சேரி கடற்கரையில் உள்ள போர் நினைவுச் சின்னத்தில் ஆண்டுதோறும் அந்த விழா நடக்கிறது. இரு நாட்டுத் தேசிய கீதங்களும் ஒலிக்கின்றன. அன்று இங்கே சுற்றுலா வந்திருக்கும் பிரெஞ்சுத் தம்பதிக்கு ஊர் ஏக்கம் ஏது?

புதுச்சேரித் தம்பதி பாரீசுக்குப் போனாலும் இதே கதைதான். அங்கே லா சப்பல் பகுதியில் மாணிக்க விநாயகர் கோவில் இருக்கிறது. ஆண்டுதோறும் தேர் வீதி உலா வருகிறது. தெருவில் தேங்காய் உடைக்கிறார்கள்!

நம் பண்டிகை இல்லாத ஊராக இருந்தால்? அந்த ஊர்த் திருவிழாவில் கலந்துகொள்ளலாம். புதுச்சேரியை அடுத்த வில்லியனூர்க் கோவில் தேரை அந்தக் காலத்தில் பிரெஞ்சு கவர்னரே வடம் பிடித்து இழுத்தார். இன்று அந்த வழக்கத்தைத் துணைநிலை கவர்னர் தொடர்கிறார். வடத்தைத் தொட்டவர் அன்னியர் அல்லவே!

ஆனால் ஒன்று. வீட்டில் தாய், தந்தை தனியாக இருப்பார்கள். புறப்படும் முன் அவர்களுக்குப் புத்தாடை வாங்கிக் கொடுக்க வேண்டும். பண்டிகைக் காலையில் முதல் வேலையாகப் போனில் பேச வேண்டும்.

பெற்றவர்கள் முகம் வாடினால், பாரீசில் இருந்தாலும் பண்டிகை இனிக்காது!