விட்ட வேலையைத் தொடுங்கள்

ஓய்வூதியர் நேர்காணலுக்கு வருகிறவர் எப்படி வாழ்கிறார் என்பதை அவர் கவுன்டர் முன்னால் வந்து நிற்கிற விதமே சொல்லிவிடும். கருவூலத்தில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். மதுரை மாவட்டத்துச் சார் கருவூலம் ஒன்றில் நான் கணக்கராக இருந்த காலத்தில், ஏப்ரல் முதல் ஜூன் வரை நேர்காணல் நடக்கும். அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் மட்டும் கூட்டம் குறையும். மற்ற நாட்களில் வாத்தியார்கள், நர்சுகள், போலீஸ்காரர்கள், தலையாரிகள், சாலைப் பணியாளர்கள் என்று வராந்தா நிறைந்திருக்கும். உயிரோடு இருக்கிறோம் என்று நேரில் வந்து காட்டிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான் சடங்கு.

ஒரே ஆண்டில் ஓய்வுபெற்ற இரண்டு பேரை வருஷா வருஷம் பார்ப்பேன். ஒருவர் மளமளவென்று மூப்படைந்துகொண்டே போவார். இன்னொருவர் போன வருஷம் பார்த்த மாதிரியே இருப்பார். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருவருக்கும்தான் இருக்கும். “இப்ப என்ன சார் பண்றீங்க?” என்று கேட்டால் முதலாமவர் “சும்மாதாம்மா இருக்கேன்” என்பார். இரண்டாமவருக்கு நின்று பதில் சொல்ல நேரமிருக்காது.

ஓய்வுபெறப் போகிறவர்களுக்கு எல்லோரும் சொல்லும் யோசனைகள் எனக்குத் தெரியும். ரேஸ்கோர்ஸில் நடங்கள், கோயில் குளம் போய் வாருங்கள், யோகா செய்யுங்கள், நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து படியுங்கள். நல்ல யோசனைகள்தான், நானும் நடக்கிறேன். ஆனால் நடை ஏழு மணிக்கு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஒரு முழுநாள் கிடக்கிறது. அந்த நாளை நிரப்பப் புதிதாக ஏதாவது தேடுவதைவிட, முப்பது வருஷ வேலையில் செய்ய நினைத்தும் செய்ய முடியாமல் விட்டது எது என்று பார்ப்பதுதான் முதல் காரியம் என்பது என் கருத்து. அப்படி ஒரு மீதி வேலை இல்லாத ஊழியரை நான் பார்த்ததில்லை.

இதற்கு மதுரைக்காரர்கள் வேறு ஊருக்குப் போய்ச் சான்று தேட வேண்டியதில்லை. டாக்டர் கோ. வெங்கடசாமி 1918-இல் வடமலாபுரம் என்ற கிராமத்தில் பிறந்தவர். ராணுவ மருத்துவப் பணியில் இருந்தபோது வந்த முடக்குவாதம் அவர் விரல்களைக் கோணலாக்கிவிட்டது. பிரசவ மருத்துவராக வேண்டும் என்று நினைத்திருந்தவர், அது முடியாமல் கண் மருத்துவம் படித்தார். அந்த விரல்களுக்குத் தோதான கருவிகளை வைத்துக்கொண்டு கத்தி பிடிக்கப் பழகினார். எர்ஸ்கின் மருத்துவமனை, அதாவது இன்றைய ராஜாஜி அரசு மருத்துவமனையிலும் மதுரை மருத்துவக் கல்லூரியிலும் கண் பிரிவை நடத்தினார். கண்புரையால் பார்வை போனவர்கள் பஸ் ஏறி மதுரைக்கு வரமாட்டார்கள், நாம்தான் அவர்களிடம் போக வேண்டும் என்று 1960-களிலேயே கிராமங்களில் கண் முகாம் நடத்தினார். பத்மஸ்ரீ விருதும் 1973-இலேயே வந்துவிட்டது.

1976-இல், 58 வயதில், அரசுப் பணியிலிருந்து ஓய்வு. மாலை, பொன்னாடை, பாராட்டு என்று அவர் அதோடு நின்றிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் முகாமுக்கு வந்தவர்களைவிட வராதவர்கள் பல மடங்கு என்பது அவருக்குத் தெரியும். அரசு வேலையில் படுக்கை எண்ணிக்கையோ மருந்து ஒதுக்கீடோ ஒரு தனி மனிதர் கையில் இல்லை. ஓய்வு அவருக்குக் கொடுத்தது அந்த வேலையைத் தன் கணக்கில் செய்யும் சுதந்திரத்தை. வீட்டை அடமானம் வைத்து, தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி உள்ளிட்ட குடும்பத்தாரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, அண்ணா நகரில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் கொடுக்க முடிந்தவர்களிடம் வாங்கி, முடியாதவர்களுக்கு இலவசமாகச் செய்தார்கள். பிறகு தேனி, திருநெல்வேலி, கோவை, புதுச்சேரி என்று விரிந்தது. அறுவையின்போது கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அப்போது வெளிநாட்டிலிருந்து 100 டாலருக்கு மேல் விலையில் வந்துகொண்டிருந்தது. 1992-இல் மதுரையிலேயே ஆரோலேப் தொடங்கி அதைச் சுமார் 10 டாலருக்குக் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. 2006 ஜூலையில் காலமானார். ஓய்வுக்குப் பிந்தைய முப்பது வருஷத்தில்தான் உலகம் அவரை அறிந்தது.

கவனித்துப் பாருங்கள், ஓய்வுக்குப் பிறகு அவர் வேறு ஆளாக மாறவில்லை. நேற்றுவரை செய்த அதே வேலையைத்தான் மறுநாளும் செய்தார்.

ஐராவதம் மகாதேவனும் அப்படித்தான். ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்துகொண்டே மாங்குளம் மலைக் கல்வெட்டுகளைப் படித்தவர், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்து, தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் பற்றிய தம் பெரிய நூலை 2003-இல் கொண்டுவந்தார். தொல்லியல் துறையில் ஓய்வுபெற்ற வெ. வேதாசலமும் சொ. சாந்தலிங்கமும் மதுரையைச் சுற்றியுள்ள மலைகளைப் பற்றி இன்றும் எழுதுகிறார்கள். கேட்பவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள்.

“அவர்களெல்லாம் பெரிய ஆட்கள், நாம் குமாஸ்தாதானே” என்று என்னிடமே சிலர் சொன்னார்கள். குமாஸ்தாவுக்கும் மீதி வேலை உண்டு. என் வேலை கவுன்டரில் தொடங்கியது. ஓய்வூதியர் இறந்தபின் குடும்ப ஓய்வூதியம் கேட்டு வரும் பெண்களில் பலருக்குத் தம் பெயர் பென்ஷன் புத்தகத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்றே தெரியாது. புத்தகத்தில் முத்துலட்சுமி, ஆதாரில் முத்துலெட்சுமி, வங்கியில் முத்துலக்ஷ்மி. “அவுக இருந்தப்ப எல்லாத்தையும் அவுகளே பாத்துக்கிட்டாக தாயி” என்று நிற்பார்கள். பின்னால் இருபது பேர் வரிசையில். விதி என்ன கேட்கிறது என்று சொல்லலாம். கூடவே போய் அந்தச் சான்றை வாங்கித் தர நாற்காலியை விட்டு எழ முடியாது.

இப்போது எழுகிறேன். கே.புதூரில் என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள், சில சமயம் நான் மேலூர்ப் பக்கம் கிராமங்களுக்குப் போகிறேன். இறப்புச் சான்றைப் பார்த்து, பெயர் வித்தியாசத்துக்கு என்ன வாங்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, தேவைப்பட்டால் கூடவே அலுவலகத்துக்கும் போகிறேன். ஓய்வூதியர் குடும்பப் பாதுகாப்பு நிதியாக 50,000 ரூபாய் உண்டு என்பதே பல வீடுகளில் தெரியாது. 80 வயது முடிந்தால் ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும். குடும்ப ஓய்வூதியம் வாங்கும் மூதாட்டியின் பிறந்த தேதி புத்தகத்தில் பதியப்படாமல் இருந்தால் அது தானாக வராது, வயதுக்கு ஆதாரம் கொடுத்துக் கேட்டு வாங்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். தெரிந்ததை வைத்துக்கொண்டு நான் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தால் நியாயமா?

பெண்களைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். ஆணுக்கு 60 வயதில் வேலை முடிகிறது. வேலைக்குப் போன பெண்ணுக்கு அலுவலக வேலைதான் முடிகிறது. மறுநாளே “நீதான் வீட்டுல இருக்கியே” என்று பேரப்பிள்ளையும் சமையலும் மருமகள் வேலைக்குப் போகும் வீட்டின் முழுப் பொறுப்பும் அவள் மேல் வந்து விழுகின்றன. பேரப்பிள்ளையைத் தூக்க யாருக்கும் கசக்காது. ஆனால் தலைமையாசிரியையாக ஒரு பள்ளியையே நடத்தியவள், வெளியே போக மகனிடம் நேரம் கேட்டு நிற்பதை நான் பார்க்கிறேன். அவள் நாளில் பாதியாவது அவளுக்கு என்று குடும்பம் எழுதி வைக்காவிட்டால், அவள் படித்ததும் பழகியதும் அடுப்படியோடு போய்விடும்.

ஓய்வுபெற்றவர்களைச் சம்பளத்துக்கு மறுபடி அமர்த்துவதை நான் ஏற்கவில்லை. தமிழ்நாட்டில் ஓய்வு வயது 58-லிருந்து 2020-இல் 59 ஆனது, 2021-இல் 60 ஆனது. ஒவ்வொரு முறையும் தேர்வு எழுதிவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகள் இன்னும் ஒரு வருஷம் காத்திருந்தார்கள். அவர்கள் நாற்காலியில் நாம் போய் உட்காரக் கூடாது. நாம் செய்ய வேண்டியது நாற்காலிக்கு வெளியே இருக்கிற வேலை.

மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வரும் என்ற தைரியத்தில்தான் நான் இப்படிப் பேசுகிறேன் என்பதும் உண்மை. 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டார்கள், அவர்களுக்கு அந்தத் தைரியம் இருக்கவில்லை. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் எழுபது வயதில் மூட்டை தூக்குகிறவருக்கு ஓய்வு என்ற ஒன்றே கிடையாது. அவருக்கு அரசு தருவது மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை. அதற்கும் விண்ணப்பம், சான்று, அலைச்சல். ஓய்வுபெற்ற வருவாய்த் துறை ஊழியர்கள் மதுரையில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அந்த விண்ணப்பத்தை எழுதத் தெரிந்தவர்கள் அவர்களைவிட யார்?

அரசிடம் நான் கேட்பது செலவில்லாத காரியம். பணி நிறைவு ஆணை கொடுக்கும் நாளில் ஒரு தாளும் கொடுங்கள்: உங்களுக்குத் தெரிந்த வேலையில் எதை, எந்த ஊரில், வாரத்தில் எத்தனை மணி நேரம் சம்பளமின்றிச் செய்வீர்கள் என்று கேட்கும் தாள். அந்தப் பட்டியலை ஊராட்சி அலுவலகத்திலும் கருவூல வாசலிலும் பொதுமக்கள் பார்க்கும்படி ஒட்டுங்கள். வாரத்தில் ஒரு நாள் கருவூல வராந்தாவில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட அனுமதி கொடுங்கள். உட்கார ஆள் நாங்கள் கொண்டுவருகிறோம்.