முடியும் உள்ளங்கையும் காட்டிக்கொடுக்கும் இதய நோய்!

கிரேக்க நாட்டின் நாக்ஸோஸ் தீவு. அங்கே சில குடும்பங்களில் குழந்தை பிறக்கும்போதே தலைமுடி கம்பளி நூல்போலச் சுருண்டிருக்கும். தவழ்ந்து, நடக்கத் தொடங்கியதும் உள்ளங்கையும் உள்ளங்காலும் காய்ப்புப் பிடித்துத் தடித்துவிடும். பதின்வயதில் படபடப்பு, மயக்கம்... சிலருக்குத் திடீர் மரணம்.

முடிக்கும் தோலுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்? நிக்கோஸ் புரோட்டோநோட்டாரியோஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1986-ல் இந்த மூன்றும் ஒரே நோயின் அடையாளங்கள் என்று எழுதினார்கள். தீவின் பெயரே நோய்க்கும் வந்தது. 2000-ல் காரணமும் தெரிந்தது. 'பிளாக்கோகுளோபின்' என்ற புரதத்துக்கான மரபணுவில் இரண்டே எழுத்துகள் விடுபட்டிருந்தன!

செல்களுக்கும் பிரஸ் பட்டன்!

நம் உடலில் செல்கள் சும்மா அடுக்கிவைக்கப்படவில்லை. பக்கத்துச் செல்லை இறுகப் பிடித்துக்கொள்ள 'டெஸ்மோசோம்' என்ற இணைப்புகள் இருக்கின்றன. சட்டையின் பிரஸ் பட்டன் மாதிரிதான். இரண்டு செல்களிலிருந்தும் நீளும் புரதங்கள் நடுவில் கோத்துக்கொள்ளும். அந்தப் பட்டனைச் செல்லுக்குள் இருக்கும் உறுதியான இழைகளோடு சேர்த்துக் கட்டுவதில் பிளாக்கோகுளோபினுக்கும் பங்கு உண்டு.

அதிகம் இழுபடும் இடங்களில்தான் இந்தப் பட்டன்களும் அதிகம். தோல் ஒன்று, இதயத் தசை இன்னொன்று. நாளொன்றுக்குச் சுமார் 1 லட்சம் முறை துடிக்கும் இதயத்தில் பிடிப்பு தளர்ந்தால், தசைச் செல்கள் விலகி மடிகின்றன. அந்த இடத்தைக் கொழுப்பும் தழும்பும் நிரப்புகின்றன. மின்துடிப்பு போகும் பாதை குலைந்து, தாளம் தப்புகிறது. தோல் மறுபடி வளர்ந்துவிடும். இதயத் தசை அப்படி வளராது.

யார் கவனிக்க வேண்டும்?

சுருட்டை முடி இருந்தாலே பயப்படத் தேவையில்லை. ஆனால், கம்பளி போன்ற முடியோடு உள்ளங்கைத் தடிப்பும் சேர்ந்திருந்தால் இதய மருத்துவரைப் பார்க்க வேண்டும். விளையாடும்போது மயங்கி விழுந்தாலோ, குடும்பத்தில் இளவயது திடீர் மரணம் நடந்திருந்தாலோ தள்ளிப்போடவே கூடாது. இ.சி.ஜி., எக்கோ, தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள்.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நாக்ஸோஸ் நோய் வரும். பெற்றோர் நலமாகவே இருப்பார்கள். சொந்தத்தில் திருமணம் செய்யும் குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு அதிகம். ஒரு பிள்ளைக்கு இருந்தால், உடன்பிறந்தவர்களுக்கும் பரிசோதனை அவசியம்.

மரபணுப் பழுதை நீக்க வழியில்லை. ஆனால் கடுமையான விளையாட்டுகளைத் தவிர்ப்பது, மாத்திரைகள், தேவைப்படுவோருக்கு நெஞ்சில் பொருத்தும் ஐ.சி.டி. கருவி ஆகியவை உயிரைக் காக்கும். முன்கூட்டியே தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.