மண்ணுக்குள் கிடக்கும் யுத்தம்: கண்டெடுத்தவனுக்கு என்ன பங்கு?

யுத்தகளம் என்றால் பானிப்பட்டு நினைவுக்கு வரும். பிளாசி நினைவுக்கு வரும். தஞ்சாவூர் நினைவுக்கு வருவதில்லை. தஞ்சாவூர் என்றால் நெல். பெரிய கோவில். தலையாட்டிப் பொம்மை. அவ்வளவுதான்.

ஆனால் காவிரிக் கரை பார்த்த சண்டைகள் கொஞ்சமல்ல. நெல் விளையும் ஊருக்குத்தான் படை வரும். பட்டாளத்துக்குச் சோறு வேண்டும் அல்லவா?

1749-ம் ஆண்டில் கொள்ளிடம் கடலில் சேரும் இடத்தில் இருந்த தேவிக்கோட்டையை வெள்ளைக்காரர்கள் பீரங்கி வைத்துப் பிடித்தார்கள். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி தஞ்சைக் கோட்டையை முற்றுகையிட்டான். வெடிமருந்து தீர்ந்துகொண்டே வந்தது. முற்றுகையை விட்டுவிட்டுத் திரும்பினான். தஞ்சைப் படை அவனை விரட்டிக்கொண்டே போனது. 1773-ல் கோட்டை விழுந்தது. ஆற்காட்டு நவாபும் ஆங்கிலேயர்களும் சேர்ந்து அதைப் பிடித்தார்கள். 1781 நவம்பரில், டச்சுக்காரர்களிடம் இருந்த நாகப்பட்டினம் ஆங்கிலேயர் கைக்கு மாறியது.

1782 பிப்ரவரியில் கொள்ளிடக் கரையில் நடந்த சண்டை பெரிது. கர்னல் பிரெய்த்வெயிட் என்ற ஆங்கிலேயனின் கீழ் சுமார் இரண்டாயிரம் பேர் இருந்தார்கள். பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்கள். திப்பு சுல்தானின் படை அவர்களைச் சூழ்ந்துகொண்டது. திறந்த வெளியில் மூன்று நாள் சண்டை நடந்தது. கடைசியில் கர்னல் சரண் அடைந்தான்.

அந்த ஆண்டுகளுக்குத் தஞ்சை ஜில்லாவில் ஒரு பெயர் உண்டு: "ஐதர் கலாபம்". பயிர் அழிந்தது. மாடு போயிற்று. மக்கள் ஊரை விட்டு ஓடினார்கள்.

அந்தச் சண்டைகளில் சிதறிய குண்டுகளும் துப்பாக்கி ரவைகளும் எங்கே? எல்லாம் எங்கும் போய்விடவில்லை. மண்ணுக்குள் கிடக்கின்றன. மேலே நெற்பயிர் அசைகிறது.

"கீ" என்று கத்தும் கருவி

அதைத் தேட ஒரு கருவி இருக்கிறது. நீண்ட கம்பு, அதன் நுனியில் தட்டைப் போல ஒரு வளையம். வளையத்துக்குள் கம்பிச் சுருள். அதில் மின்சாரம் ஓடும்போது சுற்றிலும் காந்தப் புலம் உண்டாகிறது. கீழே உலோகம் இருந்தால் அந்தப் புலம் மாறும். உடனே கருவி "கீ" என்று கத்தும்.

இதன் பூர்வகதை வேடிக்கையானது. 1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டை ஒருவன் சுட்டுவிட்டான். உடம்புக்குள் குண்டு எங்கே இருக்கிறது என்று டாக்டர்களுக்குத் தெரியவில்லை. டெலிபோனைக் கண்டுபிடித்த கிரஹாம் பெல் இப்படி ஒரு கருவி செய்துகொண்டு ஓடி வந்தார். குண்டு அகப்படவில்லை. கட்டில் மெத்தைக்குள் இருந்த இரும்புச் சுருளும் கருவியைக் குழப்பிவிட்டது என்பார்கள்.

இரண்டாம் உலக யுத்தத்தில் போலந்து நாட்டு அதிகாரி ஒருவர் அமைத்த கருவி, பாலைவனத்தில் புதைத்த கண்ணிவெடிகளைக் கண்டுபிடிக்க உதவியது. அப்படிப்பட்ட கருவியைத்தான் இலங்கையில் முகமாலையிலும் பார்க்கலாம். 2009-ல் யுத்தம் முடிந்த பிறகு, யாழ்ப்பாணம் போகும் வழியில் உள்ள அந்த மண்ணில் தமிழ்ப் பெண்கள் முழங்காலிட்டு அமர்ந்து, சாண் சாணாகக் கண்ணிவெடி தேடினார்கள். யுத்தத்தில் வீட்டு ஆண்களை இழந்தவர்களும் அவர்களில் உண்டு.

இன்று அதே வகைக் கருவி சில ஆயிரம் ரூபாய்க்கு விலைக்குக் கிடைக்கிறது. மேல்நாடுகளில் ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும். கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு பழைய யுத்தகளத்துக்குப் போய்விடுகிறார்கள். தூண்டில் போட்டு மீன் பிடிப்பது போல அது ஒரு பொழுதுபோக்கு.

நம் வயலில் அது அவ்வளவு சுலபமாக நடக்காது. காவிரி நூற்றுக்கணக்கான ஆண்டுகள் வண்டல் கொண்டுவந்து கொட்டிய பூமி இது. 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகுதான் வண்டல் வரத்துக் குறைந்தது. சாதாரணக் கருவிக்கு ஒரு காசைக் கண்டுபிடிக்க ஒரு சாண் ஆழம்தான் எட்டும். அதற்குள் கிடப்பது என்ன? லாடம், ஆணி, சைக்கிள் துண்டு, பம்பு செட்டின் போல்ட். நாள் முழுக்கத் தோண்டினால் ஒரு பழைய இரும்புக் கடையே வைக்கலாம்!

எடுத்துச் சுத்தம் செய்யலாமா?

அகப்படுவது நிஜமாகவே குண்டாக இருந்தால்? அங்கேதான் ஆபத்து.

பழைய பீரங்கிக் குண்டுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று முழு இரும்பு உருண்டை. அதனால் கெடுதல் இல்லை. மற்றொன்று உள்ளே கூடு விட்டு வெடிமருந்து அடைத்தது. மண்ணில் கிடந்து துருப்பிடித்த பிறகு இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். 2008-ல் அமெரிக்காவில் வெர்ஜீனியா மாநிலத்தில், பழம்பொருள் சேர்க்கும் ஒருவர் ஒரு குண்டைத் துப்புரவு செய்துகொண்டிருந்தார். உள்நாட்டு யுத்த காலத்துக் குண்டு. 140 ஆண்டுகளுக்கு மேல் பழசு. அது வெடித்தது. அவர் இறந்துபோனார். அவர் ஒன்றும் தெரியாதவர் அல்ல; அந்த விஷயத்தில் ஊறியவர்.

பெல்ஜியம் தேசத்தில் உழவர்கள் வேறுவிதமாக நடந்துகொள்கிறார்கள். 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலக யுத்தத்தின் குண்டுகள் இன்னமும் அவர்கள் ஏரில் தட்டுப்படுகின்றன. உழவர் அதை வயல் ஓரத்தில் வைத்துவிட்டுச் சொல்லி அனுப்புகிறார். ராணுவம் வந்து எடுத்துப் போகிறது. அதற்கு அங்கே "இரும்பு அறுவடை" என்றே பெயர். உருண்டையான கனத்த இரும்பு எதுவானாலும், குழந்தைகள் கையில் கொடுக்காமல் போலீசுக்குச் சொல்லுவதே புத்தி.

சாமியும் யுத்தச் சின்னம்தான்

காவிரிக் கரையில் யுத்தம் மண்ணில் விட்டுப் போனது குண்டு மட்டும் அல்ல. சாமியையும் விட்டுப் போயிற்று.

லாலி தஞ்சைக்கு வரும் வழியில் கீழ்வேளூரில் தங்கினான். கோவில் ஊர்; நிறையப் புதையல் இருக்கும் என்று நம்பினான். வீடுகளைச் சோதனை போட்டான். குளங்களைத் துழாவினான். விக்கிரகங்களைத் தூக்கினான். தங்கம் என்று நினைத்ததெல்லாம் பித்தளை! ஆத்திரத்தில், உளவாளிகள் என்று சொல்லிக் கோவில் அந்தணர்கள் சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டான்.

இப்படிப்பட்ட படைகள் வரும் என்று தெரிந்தால் ஊரார் என்ன செய்வார்கள்? அந்தக் காலத்துக்கு முன்னும் பின்னும் செய்தது ஒன்றுதான். காஞ்சிபுரத்துப் பங்காரு காமாட்சியைத் தூக்கிக்கொண்டு தஞ்சைக்கே வந்து சேர்ந்தார்கள். தூக்க முடியாதவர்கள் குழி வெட்டினார்கள். ஐம்பொன் சாமிகளை மணல் போட்டு மூடினார்கள். இடம் தெரிந்தவர்கள் இறந்துபோனார்கள். சாமிகள் பூமிக்குள்ளேயே தங்கிவிட்டன.

திருவெண்காட்டில் அப்படி மண்ணிலிருந்து வந்த ரிஷபவாகன தேவரைத் தஞ்சைக் கலைக்கூடத்தில் பார்க்கலாம். காளை இல்லை, காளை மேல் சாய்ந்த கை மட்டும் இருக்கிறது. பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோவிலில் யாகசாலைக்கு மண் எடுத்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட ஐம்பொன் விக்கிரகங்களும், தேவாரம் பொறித்த நூற்றுக்கணக்கான செப்பேடுகளும் வெளியே வந்தன. யாரும் கருவி கொண்டு தேடவில்லை. மண்வெட்டிக்கு வந்த அதிர்ஷ்டம்!

பத்தூர் நடராஜர்

இனி 1976-ல் நடந்த கதை.

இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் பத்தூர் என்று ஓர் ஊர். இடிந்துபோன விசுவநாத சுவாமி கோவில். அதன் பக்கத்தில் ஒரு கூலித் தொழிலாளி மண் வெட்டினார். நடராஜர் அகப்பட்டார். தாசில்தாரிடம் போகவில்லை. விற்றுவிட்டார். சாமி கை மாறிக் கை மாறி லண்டனுக்குப் போய்விட்டது. 1982-ல் ஒரு கனடா கம்பெனி வாங்கியது. பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் பழுது பார்க்கப் போன இடத்தில் லண்டன் போலீஸ் பிடித்தது.

கோர்ட்டில் பெரிய வழக்கு. "இது பத்தூர் சாமிதான் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சாமி வாய் திறந்து பேசவா போகிறது?

பேசியது மண். தொழிலாளி தோண்டிய இடத்துக்குப் பக்கத்தில் வேறு விக்கிரகங்களும் கிடைத்திருந்தன. அவற்றில் ஒட்டியிருந்த மண்ணையும், நடராஜரில் ஒட்டியிருந்த மண்ணையும் நிபுணர்கள் ஒப்பிட்டார்கள். கரையான் கட்டிய தடத்தைக்கூட ஒப்பிட்டார்கள். 1988-ல் தீர்ப்பு கோவிலுக்குச் சாதகமாக வந்தது. 1991-ல் அப்பீலிலும் அதுவே நிலைத்தது. நடராஜர் நாடு திரும்பினார்.

அந்த மண்ணைக் கழுவித் துடைத்து, பக்கத்துச் சாமிகளையும் திசைக்கு ஒன்றாக விற்றிருந்தால்? நடராஜர் இன்னமும் ஒரு சீமான் வீட்டு ஹாலில் நின்றிருப்பார்.

பொருள் பாதி, கிடந்த இடம் பாதி. குண்டுக்கும் இது பொருந்தும். அமெரிக்காவில் லிட்டில் பிக்ஹார்ன் என்ற இடத்தில் 1876-ல் செவ்விந்தியர்களுக்கும் பட்டாளத்துக்கும் சண்டை நடந்தது. தளபதி கஸ்டரோடு நின்ற சிப்பாய் ஒருவன்கூட மிஞ்சவில்லை. நூறாண்டு கழித்து, 1983-ல் அங்கே புல் தீப்பிடித்து எரிந்தது. தரை தெரிந்தது. மறு ஆண்டு, ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கருவியோடு வரிசையாக நடந்தார்கள். "கீ" என்ற இடத்தில் எல்லாம் கொடி நட்டார்கள். ஒவ்வொரு தோட்டாவும் எங்கே கிடந்தது, எந்தத் திசையில் கிடந்தது என்று குறித்தார்கள். யார் எங்கே நின்று சுட்டார்கள், எப்படி நகர்ந்தார்கள் என்பது கொடி வரிசையிலிருந்து தெரிந்தது. அதே தோட்டாக்களை ஒரு பையில் போட்டுக் குலுக்கினால் பழைய ஈயம். கிலோ இவ்வளவு என்று விற்கலாம்.

கொள்ளிடக் கரையிலும் இப்படி ஒரு நாள் கொடி நட்டுப் பார்க்கலாம். அந்த மூன்று நாளும் நம் சிப்பாய்கள் எங்கே நின்றார்கள் என்று தெரியவரும். அதற்குள் ராத்திரி விளக்குப் பிடித்துத் தோண்டுகிறவர்கள் முந்திக்கொள்ளக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

"சர்க்காரிடம் சொன்னால் பிடுங்கிக்கொள்வார்கள், ஸ்டேஷனுக்கு அலைய வேண்டும்." கிராமத்தில் பலர் நினைப்பது இதுதான். அந்தப் பயத்தை வைத்துத்தான் சிலைத் தரகன் பிழைக்கிறான்.

1878-ல் எழுதப்பட்ட புதையல் சட்டம் அவ்வளவு மோசம் அல்ல. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணில் கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் பங்கு போய்விடும். ஒரு வருஷம் வரை சிறையும் உண்டு. கலெக்டர் விசாரித்து, சொந்தக்காரர் இல்லை என்று தீர்மானித்தால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. கூலிக்கு மண் வெட்டுகிறவனுக்கு நிலத்துக்காரரைவிட மூன்று மடங்கு! இது எத்தனை பேருக்குத் தெரியும்?

சட்டத்தில் கோளாறு வேறு இடத்தில். சர்க்கார் அந்தப் பொருளை எடுத்துக்கொள்ள விரும்பினால் என்ன விலை? அதில் உள்ள உலோகத்தின் மதிப்பு, அதோடு ஐந்தில் ஒரு பங்கு. 1878-ல் எழுதிய கணக்கு அது. வெள்ளிக்கும் தங்கத்துக்கும் சரி. சோழர் காலத்து நடராஜருக்குச் செம்பு விலையா? ஆயிரம் வருஷத்துக் கலையைப் பாத்திரக் கடைத் தராசில் நிறுத்தினால் எந்த ஏழை தாசில்தார் ஆபீசுக்கு வருவான்? தரகன் ரொக்கமாகத் தருகிறானே!

இங்கிலாந்தில் 2009-ல் ஒருவர் இந்தக் கருவியோடு ஒரு குடியானவர் வயலில் நடந்தார். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய போர்வாள்களின் தங்கப் பூண்கள் அகப்பட்டன. அவர் அதிகாரிகளுக்குச் சொன்னார். மீதியை ஆராய்ச்சியாளர்கள் தோண்டினார்கள். மார்க்கெட் விலை மதிப்பிட்டு, சுமார் 33 லட்சம் பவுன், கண்டவருக்கும் வயல்காரருக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். பொருள் அந்த வட்டாரத்து மியூசியங்களுக்கே போயிற்று.

இங்கே அவ்வளவு பணம் கொடுக்க முடியாது. அது சரி. சாமியை விலை பேசுவதும் அழகல்ல. ஆனால் கண்டெடுத்தவருக்கு மரியாதையான வெகுமதி, குறிப்பிட்ட நாளுக்குள், ரசீதோடு கொடுக்கலாம். "வெகுமதி என்றால் எல்லோரும் தோண்ட ஆரம்பிப்பார்களே" என்று சிலர் சொல்லுவார்கள். அதற்கு வழி இருக்கிறது. ஏர் முனையிலோ மண்வெட்டியிலோ தட்டியதும் நிறுத்திவிட்டு, மண்ணோடு மண்ணாக விட்டு, சொல்லி அனுப்பியவருக்கு முழு வெகுமதி. தேடிப்போய்த் தோண்டி, கழுவிக் கொண்டு வந்தவருக்கு ஒன்றும் இல்லை. பாதுகாக்கப்பட்ட கோட்டையிலும் கோவிலிலும் அனுமதி இல்லாமல் தோண்டுவது ஏற்கெனவே குற்றம்.

இதைக் கிராம சபையில் வாசித்துச் சொல்ல வேண்டும். சர்க்காரின் ஊரக வேலைத் திட்டத்தில் மண் வெட்டப் போகிறவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டும். பூமிக்குள் இருப்பதை முதலில் பார்க்கப்போவது அவர்கள்தான். கிடைத்த பொருளை மியூசியத்தில் வைக்கும்போது, அதன் கீழே ஊரின் பெயரையும், கண்டெடுத்தவர் சம்மதித்தால் அவர் பெயரையும் எழுதி வைக்கலாம். அதற்குச் செலவு ஓர் அட்டை, கொஞ்சம் மை.