மீன் தொட்டிக்கு எந்த வடிகட்டி?

எங்கள் தோட்டப் பள்ளியில் பிள்ளைகள் வளர்த்த கப்பி மீன்கள் ஒரே வாரத்தில் மாண்டுபோயின. பிழை என்னுடையதே. அழுக்கேறிய பஞ்சு வடிகட்டியைக் குழாய் நீரில் பளிச்சென்று கழுவியவன் நான்தான்.

மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. பஞ்சில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. குழாய் நீரிலுள்ள குளோரின் அவற்றைக் கொன்றுவிடும்.

கடையில் பல வகை உண்டு. காற்றுப் பம்பில் ஓடும் பஞ்சு வடிகட்டி மலிவு, குஞ்சுகளை உறிஞ்சாது. சரளைக்கு அடியில் வைக்கும் தட்டில் அழுக்கு அடைத்தால் சரளையையே கிளற வேண்டும். விளிம்பில் தொங்கும் மோட்டார் வடிகட்டி நீரை நன்கு தெளிவாக்கும். ஆனால் குஞ்சுகளை இழுத்துக்கொள்ளும். தொட்டிக்கு வெளியே வைக்கும் பெட்டி வடிகட்டி பெரிய தொட்டிகளுக்கே ஏற்றது, விலையும் அதிகம்.

பெற்றோர்களே, சிறு தொட்டிக்குப் பஞ்சே போதும். தொட்டி நீரை ஒரு வாளியில் எடுத்து, அதிலேயே பஞ்சை மெல்லப் பிழியுங்கள். அந்தக் கறுப்பு நீரைக் கொட்டிவிடாதீர்கள். வீட்டு வாழைக்கு நல்ல உரம்!